அலையா, கணக்கா? – தமிழகத்தில் ஆட்சிகள் மாறிய கதை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, "நீ என்ஜினீயர்தானே, ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடு" என்றார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகள் நம் மலரில் நிறையவே வந்துவிட்டன. ஆகவே இந்த முறை வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன்: நம் மாநிலத்துச் சட்டமன்றத் தேர்தல்கள். பயப்பட வேண்டாம். யாருக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. நம்மிலே எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. ஹாஸ்டல் வராந்தாவில் விடிய விடிய வாதாடிவிட்டு, காலையில் மெஸ்ஸில் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர்கள்தானே நாம்!

தேர்தல் முடிவு வந்த மறுநாள் துறையூர் பஸ் நிலையத்து டீக்கடையில் நின்றால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும். "அலை." ஜெயித்தவர் "எங்களுக்கு ஆதரவாக அலை வீசியது" என்பார். தோற்றவரும் "அலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டோம்" என்பார். இரண்டு பேருக்குமே சௌகரியமான சொல் அது. ஜெயித்தவருக்கு 'ஊரே என் பக்கம்' என்று சொல்லிக்கொள்ளலாம். தோற்றவருக்கோ 'நான் செய்த தப்பு என்ன?' என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. ஆட்சி தலைகீழாக மாறும்போது மக்களும் தலைகீழாக மாறிவிடுகிறார்களா? 1952 முதல் 2021 வரை நடந்த 16 பொதுத்தேர்தல்களின் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால், அப்படித் தெரியவில்லை. பல தேர்தல்களில் மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான், புரண்டது சட்டமன்றம். இந்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஏரியும் கலிங்கும்

நம்ம ஊர் பெரிய ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏரியில் நீர்மட்டம் கலிங்குக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது. அதே மட்டம் ஓர் அங்குலம் மேலே ஏறினால் கலிங்கு முழுக்க வழியும். வழிகிற வெள்ளத்தைப் பார்ப்பவர் 'ஏரிக்கு இன்று பெரிய தண்ணீர் வந்துவிட்டது' என்று நினைப்பார். வந்தது கடைசி இரண்டு அங்குலம்தான்.

நம் தேர்தல் முறையும் அப்படித்தான். தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் ஜெயிக்கிறார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பத்துத் தொகுதி இருக்கிற ஒரு மாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தொகுதியிலும் ஒரு கட்சிக்கு நூற்றுக்கு 51, இன்னொரு கட்சிக்கு 49. முடிவு: பத்துக்குப் பத்து. அடுத்த தேர்தலில் நூறு பேரில் இரண்டே பேர் மனசு மாறினால் 49க்கு 51. முடிவு: பூஜ்யத்துக்குப் பத்து! மீதி 98 பேர் போன தடவை போட்ட இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் மட்டும் "மக்கள் புரட்சி" என்று தலைப்பு வரும்.

இதில் மூன்றாவது, நான்காவது கட்சி வந்து ஓட்டைப் பிரித்தால் இன்னும் வேடிக்கை. முப்பது சதவீதம் வாங்கினாலே கோட்டையில் உட்காரலாம். இதெல்லாம் கற்பனை இல்லை. நம் மாநிலத்தில் நடந்ததுதான்.

திருச்சியில் எடுத்த முடிவு

குடியரசான பிறகு நடந்த முதல் தேர்தல் 1952ல். அப்போது ஆந்திரமும் மலபாரும் சேர்ந்த பழைய சென்னை ராஜ்யம். மொத்தம் 375 இடம். விடுதலை வாங்கித் தந்த காங்கிரசுக்குக் கிடைத்தது 152. மெஜாரிட்டி இல்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமனம் செய்து முதலமைச்சர் ஆக்கினார்கள். உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி போன்ற சிறிய கட்சிகளின் ஆதரவைச் சேர்த்து ஆட்சி நடந்தது. கூட்டிச் சேர்த்து ஆட்சி அமைப்பது ஏதோ பிற்காலத்துப் பழக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் தேர்தலிலேயே அது தொடங்கிவிட்டது. 1954ல் ராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார்.

அடுத்த திருப்பம் நம்ம திருச்சியில்தான் ஆரம்பித்தது. 1949ல் தொடங்கிய தி.மு.க. முதலில் தேர்தலில் நிற்காத கட்சி. 1956 மே மாதம் திருச்சியில் நடந்த மாநில மாநாட்டில்தான் 'தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா?' என்று வந்திருந்தவர்களிடமே ஓட்டு வாங்கினார்கள். பெருவாரியானவர்கள் நிற்கலாம் என்றார்கள். ஆக, கோட்டைக்குப் போன பாதை காவிரிக் கரையிலிருந்து புறப்பட்டது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மறு வருஷமே, 1957ல், அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலையில் நின்று மு. கருணாநிதி முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனார். கட்சிக்கு மொத்தம் 15 இடம் கிடைத்தது.

1962ல் அந்தப் பதினைந்து பேரையும் தோற்கடிப்பது என்று காங்கிரஸ் மும்முரமாக வேலை செய்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். தஞ்சாவூருக்கு மாறி நின்ற கருணாநிதியைத் தவிர மற்றவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனால் வேறு வேறு ஊர்களில் புதிதாக ஜெயித்தவர்கள் வந்து, கட்சியின் பலம் 50 ஆகிவிட்டது! முன்வாசலைச் சாத்தினால் கொல்லைப்புறமாக வந்த கதை.

1967: நடந்தது என்ன?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். தயவுசெய்து இந்த மூன்று வரியை மெதுவாகப் படியுங்கள்.

1957ல் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 45.34 சதவீதம். கிடைத்த இடம் 205ல் 151.
1962ல் வாங்கிய ஓட்டு 46.14 சதவீதம். கிடைத்த இடம் 206ல் 139.
1967ல் வாங்கிய ஓட்டு 41.10 சதவீதம். கிடைத்த இடம் 234ல் 51.

ஐந்து சதவீதம்தான் குறைந்தது. நூற்றுக்கு ஐந்து பேர். ஆனால் அசைக்க முடியாது என்று எண்ணப்பட்ட ஆட்சி போய்விட்டது. இன்னொரு ஆச்சரியம்: ஜெயித்து ஆட்சிக்கு வந்த தி.மு.க. வாங்கியது 40.69 சதவீதம். அதாவது தோற்ற கட்சியைவிட ஒரு துளி குறைவு! தி.மு.க. 174 தொகுதியில் மட்டும் நின்று 137ல் ஜெயித்தது. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. இந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என்றாலும் 'காங்கிரசை மக்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள்' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் நடந்தது என்ன? 1962ல் காங்கிரசை எதிர்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். 1967ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட்டுகள், முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட்டுகள் எல்லோரும் தி.மு.க.வோடு தொகுதி உடன்பாடு செய்துகொண்டார்கள். சிதறிக் கிடந்த ஓட்டு ஒரே பெட்டியில் விழுந்தது. சுதந்திராக் கட்சியின் கணக்கே இதற்குச் சாட்சி. 1962ல் அதற்கு ஏறக்குறைய 8 சதவீத ஓட்டு, 6 இடம். 1967ல் ஓட்டு சுமார் 5 சதவீதமாகக் குறைந்தது. இடமோ 20 ஆக உயர்ந்தது!

காரணம் வெறும் கூட்டல் கழித்தல்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஐந்து பேர் ஏன் மாறினார்கள் என்பதற்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1964 ஜனவரியில் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்துக்கு முன்னால் மொழிக்காகத் தீக்குளித்தார். 1965ல் மாணவர்கள் கல்லூரிகளை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போன்றவர்கள் உயிரிழந்தார்கள். கூடவே அரிசிப் பஞ்சம். எங்க தாத்தா அந்தக் காலத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லுவார்: "காமராஜரை யாரும் வெறுக்கலப்பா. அரிசிதான் கிடைக்கல." 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற வாக்குறுதி அந்த வயிற்றிலே போய் விழுந்தது.

விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் போராட்டத்திலிருந்து வந்தவர். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். இன்றைய மாணவத் தம்பி, தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வயதுக்காரர்கள் கிளப்பிய ஒரு பிரச்சினையும், பெரியவர்கள் போட்ட ஒரு தொகுதி உடன்பாடும் சந்தித்த இடம்தான் 1967. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் கலிங்கு வழிந்திருக்காது.

அந்த வருஷம் வடக்கிலும் பல மாநிலங்களில் காங்கிரஸ் மெஜாரிட்டி இழந்தது. அங்கே பல கட்சிகள் சேர்ந்து அமைத்த ஆட்சிகள் கட்சித் தாவலால் சீக்கிரமே கவிழ்ந்தன. 'ஆயா ராம், கயா ராம்' என்ற பேச்சு அரியானாவில் பிறந்தது அப்போதுதான். இங்கே கூட்டணியின் தலைமைக் கட்சிக்கே தனி மெஜாரிட்டி கிடைத்ததால் ஆட்சி நிலைத்தது.

நாலுமுனைப் போட்டி

1971ல் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. எதிரே நின்ற பழைய காங்கிரஸ் ஏறத்தாழ 35 சதவீதம் வாங்கியும் கிடைத்தது 15 இடம்தான். மூன்றில் ஒருவருக்கு மேல் போட்ட ஓட்டுக்குச் சபையில் பதினைந்து நாற்காலி!

1972ல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977ல் அ.தி.மு.க., தி.மு.க., காங்கிரஸ், ஜனதா என்று நாலுமுனைப் போட்டி. அ.தி.மு.க. 30.36 சதவீத ஓட்டில் 130 இடம் பெற்று ஆட்சிக்கு வந்தது. நூற்றுக்கு எழுபது பேர் இரட்டை இலையில் முத்திரை குத்தவில்லை. ஆனால் அந்த எழுபது பேர் ஒரே பக்கத்தில் இல்லை. அதுதான் விஷயம்.

அடுத்து 1980. ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். தி.மு.க., இந்திரா காங்கிரஸ் அணிக்கு 39ல் 37 இடம். 'எம்.ஜி.ஆர். கதை முடிந்தது' என்று நினைத்து, பிப்ரவரியில் மத்திய அரசு மாநில அரசைக் கலைத்தது. மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. 129 இடத்தோடு திரும்பி வந்தது! ஐந்து மாதத்தில் மக்கள் இரண்டு விதமாக முடிவு சொன்னார்கள். டெல்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஜனங்கள்.

கலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை இங்கே ஜனாதிபதி ஆட்சி வந்தது. 1994ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்ட பிறகு, மெஜாரிட்டியைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று.

இரண்டு, நான்கு

எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலையும் முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. இரண்டு அணியும் வாங்கியதைக் கூட்டினால் சுமார் 30 சதவீதம். தி.மு.க. வாங்கியது 33. காங்கிரஸ் தனியாக நின்று சுமார் 20. தி.மு.க.வுக்குத் தனி மெஜாரிட்டி கிடைத்தது.

இங்கேயும் நம் மாவட்டம் வருகிறது. அந்த ஜனவரியில் தள்ளிவைக்கப்பட்ட மருங்காபுரி, மதுரை கிழக்குத் தொகுதிகளில் மார்ச்சில் ஓட்டுப்பதிவு நடந்தது. அதற்குள் இரண்டு அணியும் ஒன்றாகி, இரட்டை இலையை மீட்டுக்கொண்டன. இரண்டு தொகுதியிலும் அ.தி.மு.க.வே ஜெயித்தது. ஆட்சிக்கு வந்து இரண்டே மாதம் ஆன கட்சி தோற்றது. மருங்காபுரிக்காரர்கள் திடீரென்று மாறிவிடவில்லை. பிரிந்த ஓட்டு சேர்ந்தது, அவ்வளவுதான். (இன்று அந்தப் பெயரில் தொகுதி இல்லை.)

1991ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி வாரிக்கொண்டு போனது. தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். துறைமுகத்தில் கருணாநிதி 890 ஓட்டில்தான் தப்பித்தார். சரி, தி.மு.க. வாங்கிய ஓட்டு எவ்வளவு? 22.46 சதவீதம். ஐந்து பேரில் ஒருவருக்கு மேல்! 1996ல் சக்கரம் சுற்றியது. அ.தி.மு.க.வுக்கு நான்கு இடம். பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவே தோற்றார். அவர் கட்சி வாங்கியது 21.47 சதவீதம். மீண்டும் ஐந்தில் ஒருவர்!

'துடைத்தெறியப்பட்டது' என்று நாம் சொன்ன இரண்டு கட்சியுமே அடுத்த தேர்தலில் எப்படி ஆட்சிக்கு வந்தன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அவை துடைத்தெறியப்படவே இல்லை. தண்ணீர் ஏரிக்குள்ளேயே இருந்தது. கலிங்குக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

அரை சதவீதமும் முரசும்

2001ல் அ.தி.மு.க. 31.44 சதவீதம், தி.மு.க. 30.92. வித்தியாசம் அரை சதவீதம். இடமோ 132க்கு 31. தி.மு.க. 183 இடத்திலும் அ.தி.மு.க. 141 இடத்திலும் நின்றதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், மூப்பனாரின் த.மா.கா., பா.ம.க., காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லோரும் அந்த முறை ஜெயலலிதா பக்கம்.

2006ல் கதை திரும்பியது. தனிக் கட்சியாக அதிக ஓட்டு வாங்கியது அ.தி.மு.க. – 32.64 சதவீதம். ஆட்சி அமைத்ததோ 26.46 சதவீதம் வாங்கிய தி.மு.க. காரணம் பெரிய கூட்டணி. தி.மு.க.வுக்கும் தனி மெஜாரிட்டி கிடையாது, காங்கிரஸ் முதலிய கட்சிகளின் ஆதரவோடு ஐந்து வருஷமும் ஓட்டினார்கள். 1952க்குப் பிறகு அப்படி ஒரு நிலைமை அப்போதுதான் வந்தது.

எல்லாவற்றையும் மிஞ்சுவது தே.மு.தி.க. கணக்கு. 2006ல் தனியாக நின்று 8.38 சதவீதம், ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர் மட்டும். 2011ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 7.88 சதவீதம், கிடைத்தது 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் கூட! ஓட்டு குறைந்தது, இடம் இருபத்தொன்பது மடங்கானது. 1967 சுதந்திராக் கட்சியின் பாடத்தையே முரசு மறுபடி கொட்டிக் காட்டியது.

2016ல் ஆண்ட கட்சியே மறுபடி ஜெயித்தது. 1984ல் எம்.ஜி.ஆருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய ஒரு சதவீதம். 2021ல் தி.மு.க. 37.70 சதவீதத்தில் 133 இடம், அ.தி.மு.க. 33.29 சதவீதத்தில் 66 இடம்.

ஒரே நாள், இரண்டு ஓட்டு

2019 ஏப்ரல், மே மாதங்களில் நாடாளுமன்றத் தேர்தலோடு 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. 18 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டது உட்பட பல காரணங்களால் காலியான இடங்கள் அவை. எடப்பாடி பழனிசாமி அரசு நிற்குமா, விழுமா என்பது அந்த முடிவில் இருந்தது. மே 23ந் தேதி வந்த முடிவில் நாடாளுமன்றத்தின் 38 இடங்களில் 37 தி.மு.க. அணிக்கு. இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. அந்த ஒன்பது போதுமானதாக இருந்தது, அரசு நிலைத்தது.

தருமபுரியில் நாடாளுமன்ற இடம் தி.மு.க.வுக்கு. அதே தருமபுரிக்குள் வருகிற பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இரண்டு இடைத்தேர்தலும் அ.தி.மு.க.வுக்கு. ஒரே நாள், ஒரே பூத், ஒரே விரலில் மை. இதை அலை என்று எப்படிச் சொல்வது? அலைக்கு இப்படி ஆள் பார்த்து நனைக்கத் தெரியாது.

நம்ம மாவட்டம்

துறையூர்க்காரனாக இதையும் சொல்லிவிடுகிறேன். 2008 மறுவரையறையில் உப்பிலியபுரம் பழங்குடியினர் தொகுதி நீக்கப்பட்டு, துறையூர் (தனி) தொகுதி வந்தது. பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அது வருகிறது. எனக்கு முதல் ஓட்டு 2011ல் அந்தத் தொகுதியில்தான். அப்போது ஜெயித்தது அ.தி.மு.க.; மாநில ஆட்சியும் அதற்கே. ஆனால் 2016ல் மாநிலம் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தபோது துறையூர் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. ஒட்டுமொத்த மாவட்டத்திலும் ஒன்பது தொகுதியில் ஐந்து அ.தி.மு.க.வுக்கு, நான்கு தி.மு.க.வுக்கு.

ஸ்ரீரங்கத்தில் 2011ல் ஜெயலலிதா ஜெயித்து முதல்வரான அதே தேர்தலில், கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் லால்குடி தி.மு.க.வை அனுப்பியது. 2021ல் ஒன்பதும் தி.மு.க. அணிக்கே போனது. 'ஒன்பதுக்கு ஒன்பது' என்று அன்று போஸ்டர் ஒட்டினார்கள். சரிதான், ஆனால் அந்த ஒன்பது தொகுதியிலும் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மறுநாளும் அதே பஸ்ஸில் புலிவலம் வழியாகத் திருச்சிக்கு வேலைக்குப் போனார்கள்.

வேறு வழி உண்டா?

'வாங்குகிற ஓட்டுக்கு ஏற்ப இடம் கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். அரசியல் நிர்ணய சபையிலேயே இந்தக் கேள்வி வந்தது. நிலையான அரசு வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி அம்பேத்கர் மறுத்தார்.

பக்கத்து இலங்கையில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1977ல் அங்கே நம் முறையிலேயே தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 சதவீத ஓட்டில் 168ல் 140 இடம் பெற்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஏறக்குறைய 30 சதவீதம் வாங்கியும் கிடைத்தது 8. ஏழு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, ஓட்டு வடக்கு கிழக்கில் ஒரே இடமாகக் குவிந்திருந்ததால் 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்கு பலம் கையில் கிடைத்தவர்கள் அடுத்த வருஷமே புதிய அரசியல் சட்டத்தை எழுதினார்கள். அதிலே ஜனாதிபதிக்கு அதிகாரம் குவிந்தது, விகிதாசார முறையும் வந்தது. அதனால் மட்டும் அந்த நாட்டின் துன்பம் தீர்ந்துவிடவில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும்.

ஆகவே முறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. எந்த மெஷினுக்கும் ஒரு குணம் உண்டு. நம் தேர்தல் மெஷின் சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிற மெஷின். சபையில் நிலையான ஆட்சி கிடைப்பது அதன் நன்மை. 'எல்லாரும் என் பக்கம்' என்ற மயக்கம் அதன் கெடுதல். மீட்டரைப் படிக்கிறவனுக்கு மீட்டரின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக

மூத்தவர்களுக்கு ஒன்று, இளையவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

மூத்தவர்களே, நம் கட்சி ஜெயித்தால் எதிர்க்கட்சி நண்பனைப் பார்த்து 'உன் கதை முடிஞ்சுதுடா' என்று சொல்ல வேண்டாம். எழுபது வருஷக் கணக்கில் அப்படிச் சொன்னவர்கள் பலரும் அடுத்த ஐந்தே வருஷத்தில் பதில் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய வெற்றியிலும் எதிர்ப்பக்கம் நூற்றுக்கு இருபது பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் ரோடும் ரேஷனும் ஆஸ்பத்திரியும்.

இளையவர்களே, உங்களில் பலர் படிப்பு முடிந்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுவீர்கள். ஓட்டுப்பதிவு அன்று "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது, பஸ் செலவுதான் மிச்சம்" என்று ரூமில் படுத்துத் தூங்குகிற நண்பர்களை எனக்கும் தெரியும். 2016ல் ராதாபுரம் தொகுதி முடிவு 49 ஓட்டு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. 2021ல் தியாகராய நகர் 137 ஓட்டில். நாற்பத்தொன்பது பேர் என்றால் நம் ஹாஸ்டலில் ஒரு வராந்தாகூட முழுசாக நிரம்பாது!

ஓட்டுப் போடும் வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்து அரசியல் சட்டத்தைத் திருத்தியது 1988ல். 1965ல் தெருவுக்கு வந்த மாணவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது. உங்களுக்கு முதல் வருஷத்திலேயே இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்குப் போடுவது என்பது உங்கள் இஷ்டம். அலை அடிக்கிறது, அடிக்கவில்லை என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு, உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். கலிங்கின் மேல் ஏறுகிற அந்தக் கடைசி இரண்டு அங்குலத் தண்ணீர் நீங்களாகவும் இருக்கலாம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!